சுவேதினிக்காகக் கடலுக்குப் போகாத ஒரு நாள்

மன்னாரில், தாழ்வுபாட்டு மீனவர் அலெக்ஸாண்டரின் மகள் சுவேதினி, இருபத்திரண்டு வயதுக்குள் ஆறு தடவை இறந்திருந்தாள். ஆறும் கமெராவுக்கு முன்னால். அவளுடைய கலை வாழ்வைப் பற்றி ஊரில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்வதால், நடந்ததைத் திகதி நேரத்தோடு எழுதி வைப்பது நல்லது.

முதல் மரணம் 2019இல், யாழ்ப்பாணத்து இளைஞர்கள் எடுத்த பதினான்கு நிமிடக் குறும்படத்தில். ஐந்தாவது நிமிடத்தில் ஷெல் விழுந்தது. மீதி ஒன்பது நிமிடமும் கதாநாயகன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த ஆண்டு ஒரு பாடல் காணொளியில், காதலன் இரண்டாவது சரணம் பாடிக்கொண்டிருக்கும்போதே மோட்டார் சைக்கிள் அடித்துப் போட்டது. காதலன் பாட்டை நிறுத்தவில்லை. அதன் பிறகு நாற்பது செக்கன் விளம்பரம் ஒன்றில் டெங்குக் காய்ச்சல். கொழும்பில் எடுத்த தொலைக்காட்சித் தொடரில் பதினான்காவது அங்கத்தில் பாம்பு கடித்தது. அதே ஆட்கள் எடுத்த அடுத்த தொடரில் ஒன்பதாவது அங்கத்திலேயே கிணற்றில் விழுந்தாள். இது முன்னேற்றமா பின்னேற்றமா என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. ஆறாவதாக, தலைமன்னாரில் எடுத்த ஓர் இந்தியப் படத்தில் கரையொதுங்கிய உடலாக வந்தாள். திரையில் தெரிந்தது ஒரு பாதம் மட்டும். அது வலது பாதம் என்று இன்றைக்கும் மூன்று பேர் வாதாடுவார்கள். இடது பாதம்.

இயக்குநர்கள் அவளைத் தேடி வந்து கொன்றதற்குக் காரணம் உண்டு. கண்ணைத் திறந்தபடி ஒரு நிமிடம் நாற்பது செக்கன் இமைக்காமல் இருக்க அவளால் முடியும். ஒரு தடவை அப்படிச் செத்துக் காட்டியதும், வேறு எதற்கும் கூப்பிட வேண்டும் என்ற எண்ணம் யாருக்கும் வரவில்லை. இயக்குநர்கள் அதைப் பாராட்டு என்றுதான் நினைத்தார்கள்.

ஊரும் பாராட்டியது. பாம்பு கடித்த அங்கம் ஒளிபரப்பான கிழமை, சந்தியில் பன்னிரண்டு அடிப் பதாகை ஏறியது. "எங்கள் கடற்கரையின் நட்சத்திரம்" என்று போட்டு, பிறந்த திகதி, தகப்பன் அலெக்ஸாண்டர், தாய் லூசியா, எல்லா விபரமும் இருந்தது. அதை அச்சடித்தவர் மன்னார் நகரத்தில் பதாகைக் கடை வைத்திருக்கும் முபீன். அவர் ஒரு தடவை கணினியில் ஏற்றிய படத்தையும் பெயரையும் அழிப்பதில்லை. ஒழுங்கான மனிதர்.

2024 ஜனவரியில் யாழ்ப்பாணத்திலிருந்து டிலோஜன் என்ற இயக்குநர் வந்தார். முழுநீளப் படம். பெயரை அதுவரை மூன்று தடவை மாற்றியிருந்தார். கதை இதுதான்: அமலி என்ற மீனவப் பெண் கடலில் காணாமற் போகிறாள், ஊர் அவள் செத்துவிட்டதாக நினைத்துத் துக்கம் காக்கிறது, எட்டாம் நாள் அவள் நடந்து கரையேறி வருகிறாள். சுவேதினி கதைப் பிரதியை வாங்கியதும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் பிரித்தாள். எழுபத்து நாலாவது காட்சி. அதில் அமலி உயிரோடு இருந்தாள். அப்படியும் நம்பிக்கை வராமல் டிலோஜனிடம் கேட்டாள்.

"அண்ணா, கடைசியில நான் நிக்கிறனோ?"

"நிக்கிறீர்."

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவள் கையெழுத்து வைத்தாள். சம்பளத்தைப் பற்றி லூசியாதான் பிறகு கேட்டாள். படத்தின் முடிவு வரைக்கும் ஒரு தடவையாவது உயிரோடு இருந்தால், அதைப் பார்க்கிற அடுத்த இயக்குநர் தன்னை உயிருள்ளவளாக நினைப்பார் என்பது சுவேதினியின் கணக்கு. தப்பான கணக்கு என்று சொல்ல முடியாது.

பெப்ரவரி 20, செவ்வாய்க்கிழமை. அன்றைய படப்பிடிப்பு வெள்ளாங்குளத்தில். சுவேதினியும் துணைக்குப் போகும் லூசியாவும் காலை ஐந்தரைக்கே வாகனத்தில் ஏறிவிட்டார்கள். டிலோஜனின் படப்பிடிப்பில் எல்லோருடைய தொலைபேசியையும் வாங்கி ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். கலைக்கு இடைஞ்சல் வரக்கூடாதாம்.

மறுநாள் தாழ்வுபாட்டில் எடுக்கும் காட்சிக்கு, அமலியின் கண்ணீர் அஞ்சலி அறிவித்தல் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். கலை உதவியாளர் 19ஆந் திகதி பின்னேரம் முபீனுக்குச் சுவேதினியின் படத்தை அனுப்பி, கண்ணீர் அஞ்சலி, பெயர் அமலி, இருபது பிரதி, அவசரம் என்று குரல் செய்தி போட்டிருந்தார். படத்தை முபீன் உடனே அடையாளம் கண்டார். துக்கத்தில் இருக்கிறவர்கள் அவசரத்தில் செல்லப் பெயரைக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்தார். மரண அறிவித்தலில் பிழை விடுவது பெரிய பாவம் என்பது அவருடைய கொள்கை. ஆகவே செல்லப் பெயரை எடுத்துவிட்டு முழுப்பெயரைப் போட்டார். பழைய பதாகையிலிருந்து பிறந்த திகதி, பெற்றோர் பெயர் எல்லாவற்றையும் எடுத்துச் சேர்த்தார். "அன்னார் அலெக்ஸாண்டர் லூசியா தம்பதியினரின் பாசமிகு மகளாவார்." மறைந்த திகதி கொடுபடவில்லை. செய்தி வந்த திகதியைப் போட்டார். அச்சடிக்கும்போது அழுததாகவும் பிறகு சொன்னார்.

கலை உதவியாளர் சிலாபத்துச் சிங்களவர், முப்பது வயது, நல்ல உழைப்பாளி. தமிழ் வாசிக்கத் தெரியாது. செவ்வாய் காலை ஒன்பது மணிக்கு, டிலோஜன் முன்பே காட்டிய இடங்களில் பசை பூசி ஒட்டினார். சந்திச் சுவர், பஸ் தரிப்பிடம், கோயில் மதில். உண்மையான மரண அறிவித்தல்களும் அந்த மூன்று இடத்தில்தான் ஒட்டப்படும். டிலோஜன் அதைக் கவனித்துத்தான் தெரிவு செய்திருந்தார்.

தாழ்வுபாட்டில் ஒரு சாவு விழுந்தால், அடக்கம் முடியும்வரை ஒரு படகும் கடலுக்குப் போகாது. பதினைந்து வருடம் கதைக்காமல் இருந்தவன் செத்தாலும் அதுதான் முறை. ஒன்பது இருபதுக்கு ஒருவர் அறிவித்தலை வாசித்தார். ஒன்பதரைக்கு ஐம்பது பேர் வாசித்திருந்தார்கள். சுவேதினிக்கும் லூசியாவுக்கும் அழைப்பு எடுத்துப் பார்த்தார்கள், பதில் இல்லை. டிலோஜனுக்கு எடுத்தார்கள், அவரும் எடுக்கவில்லை. மூன்று பேரும் எடுக்காததால் செய்தி உறுதியாகிவிட்டது. கோயில் மூப்பர் அருளப்பு தானே போய்த் துக்க மணி அடித்தார். பின்னேரம் வலை கொண்டு போக நின்ற தொண்ணூற்று நாலு படகும் கரையில் நின்றன.

அலெக்ஸாண்டரின் தொலைபேசி போன கிழமை கடலில் விழுந்திருந்தது. அவர் வீட்டு வளவில் வலை பொத்திக்கொண்டிருந்தார். மணி கேட்டதும் யார் செத்தது என்று வேலிக்கு மேலால் கேட்டார். கேட்கப்பட்டவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். ஒரு தகப்பனிடம் பிள்ளையின் சாவை நேரே சொல்வது நம்மவர் வழக்கம் அல்ல. சுகமில்லையாம் என்று தொடங்கிப் படிப்படியாகத்தான் சொல்ல வேண்டும். அந்த முதல் படியை யார் ஏறுவது என்பதில்தான் சிக்கல்.

பத்து நாற்பதுக்கு மூன்று பேர் வந்து வளவில் நின்றார்கள். என்ன விசயம் என்று அலெக்ஸாண்டர் கேட்க, சும்மா வந்ததாகச் சொன்னார்கள். பதினொன்றேகாலுக்கு அறுபது பிளாஸ்டிக் கதிரை வந்து இறங்கியது. யாரோ முற்றத்தில் பந்தல் போடத் தொடங்கினார்கள். அலெக்ஸாண்டருக்கு அப்போது விசயம் விளங்கியது: அவருடைய வீட்டில் ஒரு காட்சி எடுக்கக்கூடும் என்று டிலோஜன் ஒரு தடவை சொல்லியிருந்தார். அந்தக் காட்சி இன்றைக்குத்தான். தன்னிடம் சொல்ல மறந்துவிட்டார்கள். அவர் உடனே போய்க் குளித்து, பெருநாளுக்கு எடுத்த வெள்ளைச் சேட்டும் வேட்டியும் உடுத்து, தலையை இழுத்துச் சீவிக்கொண்டு வெளியே வந்தார்.

அந்தக் கோலத்தைக் கண்டதும் வளவு முழுவதும் ஓவென்று அழுதது. பக்கத்து வீட்டு நிறஞ்சலா மண்ணில் விழுந்து கத்தினாள். அலெக்ஸாண்டர் சுற்றிலும் பார்த்தார். கமெரா ஒன்றும் தெரியவில்லை.

"நல்லா அழுறியள்," என்றார். "ஆனா கமெரா வரட்டும். இப்பவே முடிச்சுப் போடாதையுங்கோ."

அதன் பிறகு அவரிடம் உண்மையைச் சொல்லலாம் என்று இருந்த ஒருவர் இருவருக்கும் துணிவு போய்விட்டது. மனுசனுக்கு மூளை கலங்கிவிட்டது என்று முடிவெடுத்தார்கள். அலெக்ஸாண்டரோ வந்தவர்களுக்கெல்லாம் பிளேன்ரீ கொடுத்து, வயதானவர்களை முன்னால் தெரிகிற இடமாகப் பார்த்து இருத்தி, களைத்தவர்களைக் கொஞ்சம் ஓய்வெடுக்கச் சொல்லி, நாலு மணிவரை ஓடியாடித் திரிந்தார். சுகமில்லையாம் என்று சொல்லத் தொடங்கிய ஒருவரிடம், சுகமில்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம், ஆட்கள் போதும் என்றார்.

நாலு பத்துக்குப் படப்பிடிப்பு வாகனம் ஒழுங்கை முகப்பில் வந்து நின்றது. டிலோஜன் முன் கண்ணாடியால் பார்த்தார். இருநூறு பேர், பந்தல், செபமாலை, மண்ணில் புரளும் பெண்கள், நடுவில் வெள்ளை உடுப்போடு ஒரு தகப்பன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. ஒளிப்பதிவாளரின் தோளில் தட்டினார். சுவேதினி தன்னுடைய வீட்டு வாசலில் இருநூறு பேர் அழுவதைக் கண்டு, அப்பாவுக்கு ஏதோ நடந்துவிட்டது என்று பதறிக் கதவைத் திறக்கப் போனாள். டிலோஜன் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"கொஞ்சம் பொறும். கொப்பர் அந்தா நிக்கிறார், சுகமாத்தான் இருக்கிறார். இது திரும்பக் கிடைக்காது."

பதினொரு நிமிடம் அவளும் தாயும் வாகனத்துக்குள் இருந்தார்கள். பிறகு சுவேதினி இறங்கி நடந்துபோனாள். முதலில் கண்டவள் நிறஞ்சலா. அழுகை வாயிலேயே நின்றுவிட்டது. ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். மூப்பர் அருளப்பு எழுந்து அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"நீ உயிரோடயோ இருக்கிறாய்?"

"ஓம், மூப்பர்."

"அப்ப நாங்கள் ஏன் கடலுக்குப் போகேல்ல?"

இந்தக் கேள்விக்குத்தான் ஊர் அன்றைக்குப் பதில் தேடியது. அவள் உயிரோடு இருந்தது இரண்டாவது விசயமாகிவிட்டது. தொண்ணூற்று நாலு படகின் ஒரு நாள் உழைப்பு போனது. அழுத பெண்களுக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஒருத்தி, இவ்வளவு அழுகையையும் தன் சொந்த மாமியாருக்குக்கூடக் கொடுக்கவில்லை என்று சொல்லிச் சண்டைக்கு வந்தாள். ஏதோ பொய் சொல்லி ஏமாற்றியது போல எல்லோரும் சுவேதினியைத் திட்டினார்கள். தவறு நடந்தது எப்படி என்று தெரிந்த பிறகும் முபீனை ஒருவரும் குறை சொல்லவில்லை. அறிவித்தலில் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லையாம்.

ஆறு மணிக்கு மீனவர் சங்கத்தில் கூட்டம். அடக்கம் முடியாமல் படகு இறக்கக்கூடாது என்பது விதி. அடக்கத்துக்கு ஆள் இல்லை. அப்படியென்றால் கடல் எப்போது திறக்கும்? ஐம்பது நிமிடம் விவாதித்தார்கள். கடைசியில் இருபது அறிவித்தலையும் உரித்தெடுத்துக் கடற்கரை மணலில் மூன்றடி ஆழத்தில் புதைத்து, மூப்பர் ஒரு பரலோக மந்திரம் சொல்ல, மறுநாள் படகுகள் போயின. சங்கத்துப் பதிவேட்டில் 20ஆந் திகதிக்கு நேரே 'மரணம்' என்று எழுதி, வெட்டி, 'மரணம் அல்ல' என்று எழுதப்பட்டிருக்கிறது.

சுவேதினிக்கு உண்மையான அடி மறுநாள் காலையில்தான் விழுந்தது. டிலோஜன் இரவு முழுவதும் அந்தப் பதினொரு நிமிடத்தையும் போட்டுப் பார்த்திருந்தார். இப்படி ஒரு துக்கம் எந்த நடிகரிடமும் வராது, இதைக் காட்டிவிட்டு அமலி உயிரோடு நடந்து வந்தால் சனம் ஏமாந்துபோகும், ஆகவே அமலி திரும்பி வரமாட்டாள் என்றார். எழுபத்து நாலாவது காட்சி இல்லை. அதற்குப் பதிலாக, உடல் கரையொதுங்கும்.

அவள் கையெழுத்தை ஞாபகப்படுத்தினாள். அவர் கலையை ஞாபகப்படுத்தினார். கடைசியில் அவள் ஒரு வழி கேட்டாள்: தான் உயிரோடு வருவதைக் கண்டு இதே சனம் சந்தோசப்படுகிற காட்சியை எடுத்துக் கொடுத்தால்? டிலோஜன் யோசித்துவிட்டு, அழுகையில் அரைவாசி அளவுக்கு அந்தச் சந்தோசம் வந்தாலும் அவளைக் கொல்வதில்லை என்றார். வாக்குக் கொடுத்தார் என்றே சொல்ல வேண்டும்.

புதன் முதல் சனிவரை சுவேதினி நாற்பத்து மூன்று வீடு ஏறி இறங்கினாள். ஞாயிறு பின்னேரம் கடற்கரைக்கு வந்து, தன்னைக் கண்டு கொஞ்சம் சந்தோசப்பட வேண்டும் என்று கேட்டாள். எந்தச் சேலை உடுப்பது என்று பலர் கேட்டார்கள். அழச் சொன்னால் அழலாம், இது பழக்கமில்லாத வேலை என்றார்கள் சிலர். தவக்காலத்தில் ஆடிப்பாடுவது சரியோ என்று மூப்பர் தயங்கினார். ஆட வேண்டாம், பாட வேண்டாம், செத்துப்போனதாக நினைத்த பிள்ளை வருகிறாள் என்று நினைத்தால் போதும் என்று அவள் சொன்னதும், பூசைக்குப் பிறகு என்றால் சரி என்றார். ஞாயிற்றுக்கிழமையில் எப்படியும் கடல் இல்லை.

25ஆந் திகதி பின்னேரம் நூற்றெண்பது பேர் வந்தார்கள். திருநாள் உடுப்பு, பவுடர், பூ. டிலோஜன் சொன்ன இடத்தில் நின்றார்கள். சுவேதினி நனைந்த உடையோடு அலைக்குள்ளிருந்து நடந்து வந்தாள். முதல் தடவை, நூற்றெண்பது பேரும் கமெராவைப் பார்த்துச் சிரித்தார்கள். கமெராவைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லி இரண்டாவது தடவை எடுத்தபோது, அவள் கரையில் கால் வைத்ததும் வரிசையாக நின்று கைதட்டினார்கள். பரிசளிப்பு விழாவில் பிரதம விருந்தினர் வரும்போது தட்டுவது போல. மூன்றாவது தடவைக்கு முன்னால் டிலோஜன் ஒலிபெருக்கியில் விளங்கப்படுத்தினார்: செத்தவள் வருகிறாள், உண்மையில் செத்தவள், உங்கள் கண்ணுக்கு முன்னால் வருகிறாள், என்ன செய்வீர்கள்? சுவேதினி கடலிலிருந்து வந்தாள். முன்வரிசையில் மூன்று பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டு பின்னுக்குப் போனார்கள். ஒரு மனுசன் ஓடினான்.

கடைசி நம்பிக்கை தகப்பன். டிலோஜன் அலெக்ஸாண்டரைத் தனியே கொண்டுபோய், சனத்தை விடுங்கோ, நீங்கள் மட்டும் மகளைக் கண்டு ஓடிவந்தால் போதும், செவ்வாய்க்கிழமை அவள் வாகனத்தால் இறங்கி வந்தபோது உங்கள் மனதில் என்ன இருந்ததோ அதைக் கொண்டு வாருங்கோ என்றார். அலெக்ஸாண்டர் நேர்மையாக யோசித்துப் பார்த்தார்.

"தம்பி, அவள் செத்ததே எனக்குத் தெரியாது. ஒருத்தரும் சொல்லேல்ல. பிறகு நான் எப்பிடிச் சந்தோசப்படுறது?"

சொல்லிவிட்டு, மகளிடம் போய்த் துவாயைக் கொடுத்து, தலையைத் துடை, காய்ச்சல் வரும் என்றார். ஒளிப்பதிவாளர் அதை எடுக்கவில்லை. காட்சிக்கு இடையில் என்று நினைத்துக் கமெராவை நிற்பாட்டியிருந்தார்.

சுவேதினி துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு சனத்துக்கு முன்னால் வந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"நான் உயிரோட இருக்கிறது உங்களில ஆருக்காவது பரவாயில்லையோ?"

நிறஞ்சலாதான் பதில் சொன்னாள்.

"பரவாயில்லைத்தானே, பிள்ளை. ஆனா அழுகை வாற மாதிரிச் சந்தோசம் வருகுதில்லை."

பொய் இல்லாத பதில். டிலோஜன் படப்பிடிப்பு முடிந்தது என்றார். நேரம் ஐந்து முப்பத்தைந்து.

28ஆந் திகதி அமலியின் உடல் தாழ்வுபாட்டுக் கரையில் ஒதுங்கியது. படகு வேண்டும் என்று கேட்டபோது ஒன்பது படகு உடனே வந்தன. அவள் சாவதென்றால் ஊர் ஒத்துழைப்புக்குக் குறைவில்லை. இரண்டு நிமிடம் ஐந்து செக்கன் இமைக்காமல் கிடந்தாள். இதுவரை அவள் செய்ததில் அதுதான் அதிகம். இமைத்திருந்தால் இன்னொரு தடவை எடுக்க வேண்டியிருக்கும், அதனால்தான் என்று தாயிடம் சொன்னாளாம்.

படத்தை டிசம்பர் 7, சனிக்கிழமை மன்னார் நகரத்து மண்டபம் ஒன்றில் காட்டினார்கள். தாழ்வுபாட்டிலிருந்து இரண்டு பஸ். படத்தின் உண்மையான கதாநாயகி இந்த ஊர்தான் என்று டிலோஜன் மேடையில் பேசினார். கைதட்டல் ஒரு நிமிடத்துக்கு மேல் நீடித்தது. பதினொரு நிமிட அழுகையில் ஏழு நிமிடம் நாற்பது செக்கன் படத்தில் இருந்தது. சுவேதினி திரையில் உயிரோடு வந்தது மொத்தம் பத்தொன்பது நிமிடம். தங்களுடைய அழுகையைத் திரையில் கண்டதும் மண்டபத்தில் இருந்தவர்கள் மறுபடியும் அழுதார்கள். நிறஞ்சலா பக்கத்துக் கதிரையில் இருந்தவளின் தோளில் சாய்ந்து, கையை இறுக்கிப் பிடித்து, நல்ல பிள்ளை, சின்ன வயதில் போயிற்றுதே என்று விம்மினாள். பக்கத்துக் கதிரையில் இருந்தவள் சுவேதினி. தோளை எடுக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்தபோது மூப்பர் அருளப்பு அவளைப் பஸ்ஸடியில் மறித்தார். படம் நல்லாயிருக்குது என்றார். ஊருக்குப் பெருமை என்றார். அடுத்த படத்திலும் சாவென்றால், அதை ஞாயிற்றுக்கிழமையில் வைக்கச் சொன்னால் நல்லது, அன்றைக்குக் கடல் இல்லை, ஒருத்தருக்கும் நட்டமில்லை என்றும் சொன்னார். பகிடி அல்ல. யோசித்துச் சொன்னது.

சுவேதினி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இமைத்தாளா என்பது தெரியாது, வெளிச்சம் போதாது.

"அடுத்த படத்தில உங்களைச் சாகச் சொல்லிக் கேக்கிறன், மூப்பர். நான் வந்து அழுறன். கடைசிவரைக்கும் நிண்டு அழுறன்."

ஊரில் மூப்பரிடம் யாரும் அப்படிக் கதைத்ததில்லை. அருளப்பு கோபிக்கவில்லை. சேட்டுக் கொலரைச் சரிசெய்துகொண்டு, குரலைத் தாழ்த்தி, திரையில் அதற்கு எத்தனை நிமிடம் வரும் என்று கேட்டார்.